இருநூற்று முப்பத்தெட்டுக் குழாய்கள்

ஜெய்னம்பு ஒவ்வொரு குழாயாகத் தொட்டு, எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார். கண்சாட்சியர் வேலை அப்படித்தான். பார்த்தால் மட்டும் போதாது, தொட வேண்டும்.

"நூத்திப் பதினஞ்சு. நூத்திப் பதினாறு."

வளைகுடாவின் வடகரையில் இருந்த அந்த நன்னீராலையில், ஆளுயர நீலக் குழாய்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் தூத்துக்குடியில் செய்த நுண்சவ்வு. ஆழ்கடலின் குளிர்ந்த நீர் உள்ளே பாய்வதால், அந்த ஊர்ப் புழுக்கத்தில் குழாய்களின் மேல் எப்போதும் வியர்த்திருக்கும். ஜெய்னம்புவின் உள்ளங்கை காலையிலிருந்தே ஈரம்.

நூற்றுப் பதினேழாவது குழாய் உலர்ந்திருந்தது.

அதை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டும் அப்படியே. இரண்டும் நீலச் சாயம் பூசிய வெறும் தகரம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்றால் இந்த வேலைக்கு ஒரு கேமரா போதும். ஆனால் எந்திரங்கள் வரைந்த ஒரு பொய்ப்படம் வளைகுடாவின் வடகரை, தென்கரை நாடுகள் இரண்டையும் பதினோரு நாள் போருக்குள் தள்ளியது. படத்தில் எரிந்து மூழ்கிய கப்பல் உண்மையில் துறைமுகத்தில் சுகமாக நின்றிருந்தது. அதற்குப் பிறகு படம், பதிவு, உணரி எதையும் எந்த ஒப்பந்தமும் ஏற்பதில்லை. இறைவன் பெயரால் உறுதி எடுத்த மனிதர் ஒருவரின் கண்ணும் கையும்தான் சான்று. சாட்சியர் தான் கண்டதை மட்டுமே சொல்லலாம். கேட்டால் கண்டதை மறைக்கக் கூடாது. காதால் கேட்டது எதுவும் மன்றத்தில் செல்லாது.

"அக்கா, அந்த ரெண்டையும் விட்ருங்கக்கா. மத்ததெல்லாம் சுத்தமா இருக்குல்லா?"

ஆலையின் மேஸ்திரி பின்னால் நின்றிருந்தார். வடகரைக்காரர், பெயர் ரஹீம்தாத். நுண்சவ்வுப் பயிற்சிக்காகத் தூத்துக்குடியில் ஒரு வருடம் இருந்து தமிழ் கற்றவர். காயல்பட்டினத்து ஜெய்னம்புவுக்கு அந்தத் தமிழைக் கேட்டால் சிரிப்பு வரும். இன்று வரவில்லை.

"எங்கே காக்கா அந்த ரெண்டும்?" காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"சொன்னா நீங்க கேட்டது ஆயிரும். கேட்டது செல்லாதுல்லா?"

"மன்றத்துலதான் செல்லாது. எனக்குச் சொல்லுங்கோ."

மேஸ்திரி தலை குனிந்துகொண்டார். "உம்முல் நவ்ரஸ் தீவு. தென்கரையோடது. பதினோரு மாசத்துக்கு முன்னால பெருங்காத்து அடிச்சுதுல்லா, அப்ப அங்க டயாலிசிஸ் ஆஸ்பத்திரில தண்ணி மெசின் செத்துப்போச்சு. ஒரு நர்ஸம்மா படகு ரேடியோவுல கூப்பிட்டுக்கிட்டே கெடந்தாவ. பதிமூணு நோயாளின்னாவ. அவங்க ஆளுக யாரும் வர முடியல. நான்தான் பக்கத்துல இருந்தேன். கழட்டிக் கொண்டுபோய்ப் பாறையில வச்சிட்டு வந்துட்டேன். அவங்க மொகத்தக்கூடப் பாக்கலக்கா."

நுண்சவ்வு இருபயன் பொருள். கடலிலிருந்து உப்பைப் பிரிப்பது போலவே, அணுகுண்டுக்கு வேண்டியதையும் அது பிரித்துக் கொடுக்கும். அதனால்தான் ஏற்றுமதிக் கட்டுப்பாடு. ஒவ்வொரு குழாயிலும் ஒரு பூட்டுச்சில்லு உண்டு. செய்து அனுப்பும் கீழைக்கடல் ஒன்றியம், வடகரை, தென்கரை ஆகிய மூவரும் நூறு நாளுக்கு ஒருமுறை கூடிச் சம்மதித்தால்தான் பூட்டு திறந்திருக்கும். ஒருவர் மறுத்தாலும் எல்லாம் மூடிக்கொள்ளும்.

இன்று நூறாவது நாள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கெடு. வடகரை குழாய்களை ஒளித்து ஆயுதம் செய்கிறது என்று தென்கரை சந்தேகப்பட்டது. ஓராண்டாக எண்ணிப் பார்க்காமலே சம்மதித்து வந்தது, இம்முறை இருநூற்று நாற்பதுக்கும் கணக்கு வராவிட்டால் சம்மதம் இல்லை என்று சொல்லியிருந்தது. பூட்டு விழுந்தால் இந்த ஆலையை நம்பியிருக்கும் மூன்று ஊர்களில், இரண்டு லட்சம் பேருக்குக் குடிநீர் இல்லை. தீவில் இருக்கும் அந்த இரண்டு குழாய்களும் சேர்ந்துதான் மூடும்.

"எரநூத்தி நாப்பதுன்னு சொல்லிருங்கக்கா. ஒரு சொல்லுதான். நல்லதுக்குச் சொல்ற பொய்யி."

"காக்கா, என் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லாமப் போனா, நாளைக்கு எந்த ஊருக்குத் தண்ணி வரும்? பொய் என் வாயில வராது."

"அப்ப எங்க எல்லாருக்கும் மவுத்துதான்."

"அல்லாஹ் இருக்கான்" என்றார் ஜெய்னம்பு. குழாய்களின் நடுவே துண்டை விரித்து இரண்டு ரக்அத் தொழுதார். மீதிக் குழாய்களையும் எண்ணி முடித்தார். படகுத்துறைக்குப் போனதும், படகோட்டியிடம் உம்முல் நவ்ரஸ் தீவுக்கு விடச் சொன்னார்.

படகோட்டி திகைத்தார். "அது அவங்க தீவாச்சே! குற்றம் சொல்ற பக்கத்துக்குச் சாட்சி எப்பப் போயிருக்கு?"

"போகக் கூடாதுன்னு எங்கேயும் எழுதல. சாட்சிக்கு எந்தக் கதவும் அடைபடாதுன்னுதான் எழுதியிருக்கு."

முப்பது ஆண்டுகளாக எல்லாச் சாட்சியரும் அனுப்பிய இடத்துக்கு மட்டுமே போய் வந்தார்கள். அந்த வரியை யாரும் பயன்படுத்தியதில்லை.

தீவில் இறங்கியபோது மணி ஒன்பதரை. மருத்துவமனை வாசலில் அஸ்மா என்ற அந்த நர்ஸ், ஜெய்னம்புவின் தோளில் இருந்த சாட்சியரின் வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் கதவை மறித்து நின்றார். நடுவயதுப் பெண். கண்கள் கலங்கியிருந்தன.

"எங்களிடம் ஒன்றும் இல்லை. இங்கே நோயாளிகள்தான் இருக்கிறார்கள்."

"நீங்கள் சொல்வது எனக்குச் செல்லாது மகளே. தண்ணீர் அறையைக் காட்டுங்கள், போதும்."

"என்னைச் சிறையில் போடுவார்கள். போடட்டும். அந்தக் குழாய்களைக் கழற்றினால் இவர்கள் மூன்று நாள் தாங்க மாட்டார்கள்."

ஜெய்னம்பு அவரது கையைப் பிடித்தார். "மறைத்து வைத்தால்தான் கழற்றுவார்கள். நான் பார்த்தால் அது சான்று."

அஸ்மா வழிவிட்டார். தண்ணீர் அறையில் இரண்டு நீலக் குழாய்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. ஜெய்னம்பு தொட்டார். முத்திரை எண்களை விரலால் தடவிப் படித்தார். பிறகு வார்டுக்குள் போய்க் கட்டில் கட்டிலாக எண்ணினார்.

மன்றம் என்பது இரு கரைக்கும் நடுவில் நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பல். உள்ளே மூன்று மூலை மேசை ஒன்று. ஒரு மூலையில் தென்கரைத் தூதர் ஹமத். ஒரு மூலையில் வடகரைத் தூதர் மஹ்நாஸ் என்ற அம்மையார். மூன்றாவதில் கீழைக்கடல் ஒன்றியத்தின் ஏற்றுமதி ஆணையர் மச்சாது. அவர் தூத்துக்குடிக்காரர், கழுத்தில் சிறிய சிலுவை, கையில் பெரிய சட்டப்புத்தகம். பேச்சு அரபியில் நடந்தது. ஜெய்னம்புவுக்கு அது இருபது வருடப் பழக்கம்.

அவர் உள்ளே வந்தபோது மணி பதினொன்று நாற்பது.

"எவ்வளவு நேரம் லாத்தா!" என்று மச்சாது, காயல்காரர்கள் அக்காவை அழைக்கும் சொல்லைச் சேர்த்துத் தமிழில் கடிந்துகொண்டார். "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கடிச்சுத் தின்னுருவாங்க போல. சீக்கிரம் சொல்லுங்க."

ஜெய்னம்பு உறுதிமொழி எடுத்தார். "ஆலையில் நான் கண்டது இருநூற்று முப்பத்தெட்டு. இரண்டு இடங்களில் வெறும் தகரம் நின்றது."

மஹ்நாஸின் முகம் வெளுத்தது. அவருக்கே இது செய்தி. ஹமத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் சொல்லவில்லையா? இரண்டு குழாய் போதும் ஒரு குண்டுக்கூடத்துக்கு! எங்கே ஒளித்தீர்கள் அம்மா? எந்த மலைக்கு அடியில்?"

"எனக்குத் தெரியாது" என்றார் மஹ்நாஸ் மெல்ல.

"தெரியாதாம்! பூட்டு விழட்டும். தாகம் வந்தால் தானாகத் தெரியும்."

"அவற்றையும் நான் கண்டேன்" என்றார் ஜெய்னம்பு.

ஹமத் திரும்பினார். "எங்கே?"

"உம்முல் நவ்ரஸ் தீவில். உங்கள் தீவில், ஐயா. அங்கிருக்கும் டயாலிசிஸ் மருத்துவமனையில். முத்திரை எண்கள் நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு."

ஹமத் மேசை மேல் கையூன்றிக் குனிந்தார்.

"அங்கே எப்படி வந்தன?"

"வந்ததை நான் பார்க்கவில்லை. இருப்பதைப் பார்த்தேன்."

"அங்கே அவை என்ன செய்கின்றன?"

"இரத்தத்தைச் சுத்தம் செய்யத் தண்ணீர் கொடுக்கின்றன. பதின்மூன்று கட்டில்கள். ஒரு மீனவர் தன் மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் பின்னல் வேலை செய்துகொண்டிருந்தாள். இரண்டு பேர் தூங்கினார்கள். மூச்சு வருகிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். பதின்மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். எண்ணிவிட்டேன்."

ஹமத் மெதுவாக உட்கார்ந்தார். பதினோரு மாதங்களுக்கு முன் அடித்த பெருங்காற்று அவருக்கு நினைவிருந்தது. அந்தத் தீவுக்குப் படகு அனுப்ப முடியாது என்ற உத்தரவில் கையெழுத்திட்டவர் அவர்தான். அதன் பிறகு அங்கே என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருந்தார்.

"நாங்கள் கைவிட்டோம்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இவர்கள் கொடுத்தார்கள்."

மச்சாது தொண்டையைக் கனைத்தார். "மன்னிக்க வேண்டும். அனுமதியில்லாமல் ஒரு குழாய் எல்லை தாண்டினால் முழு உரிமமும் ரத்து. விதி ஒன்பது. இரு கரையுமே குற்றவாளி." புத்தகத்தின் பக்கங்களை அவர் வேகமாகப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. "ஒரு விலக்கு இருக்கிறது. உயிர்காக்கக் கொடுத்திருந்தால், ஓராண்டுக்குள் மறு ஏற்றுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கொடுத்த நாடும் பெற்ற நாடும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும்."

அந்தப் படிவம் முப்பது ஆண்டுகளாகக் கப்பலின் அலமாரியில் கிடந்தது. இரு கரையும் ஒரே தாளில் கையெழுத்திடும் என்று அதை அச்சிட்டவரே நம்பியிருக்க மாட்டார். மச்சாது தூசி தட்டி எடுத்து வந்து, நடுவில் வைத்தார். அப்போது பன்னிரண்டுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது.

ஹமத் பேனாவை மஹ்நாஸிடம் நீட்டினார். "கொடுத்தவர் முதலில்."

"அது எப்படி?" என்றார் மஹ்நாஸ். வடகரையில் விருந்தாளியை முந்திக்கொண்டு வாசல் தாண்டுவதுகூட மரியாதைக் குறைவு. "நோயாளிகள் உங்களுடையவர்கள். நீங்கள் முதலில்."

"வேண்டாம் அம்மா. கொடுத்த கைதான் மேலே இருக்க வேண்டும்."

"பெரியவர் நீங்கள் இருக்கும்போது நானா? மாட்டவே மாட்டேன்."

"எனக்கு வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து."

"உங்கள் கால் தூசு நான். நீங்கள்தான்."

நேற்றுவரை ஒருவரை ஒருவர் கொலைகாரர் என்று அழைத்தவர்கள், ஒரு பேனாவை ஐந்து நிமிடம் மாறி மாறித் தள்ளினார்கள். மச்சாது கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"மாதாவே! லாத்தா, சண்டை போட்டப்பகூட இவ்வளவு பயமா இல்ல. பன்னெண்டு அடிக்கப் போவுது, யாராவது போடுங்கப்பா!"

அவர் சட்டைப்பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்து மஹ்நாஸின் கையில் திணித்தார். தாளை இருவருக்கும் நடுவில் குறுக்காகத் திருப்பி வைத்தார். "பிஸ்மில்லாஹ் சொல்லி இருவரும் ஒன்றாக!" என்று ஜெய்னம்பு அரபியில் அதட்டினார். இரண்டு பேனாக்களும் ஒரே நேரத்தில் ஓடின.

மச்சாது மூவரின் சம்மதத்துக்கான முத்திரையைக் குத்தினார். சுவரிலிருந்த பலகையில் இருநூற்று நாற்பது விளக்குகளும் பச்சையாயின. மேல்தளத்தில் மாலுமிகள் கப்பலின் சங்கை ஊதினார்கள். வடகரையில் மூன்று ஊர்ப் பள்ளிவாசல்களிலும் அதைக் கேட்டு நன்றி அறிவித்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

ஹமத் படிவத்தை மறுபடி பார்த்தார். "கொடுத்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. சாட்சியே, யார் அந்த மனிதர்?"

"அவர் கழற்றியதை நான் பார்க்கவில்லை ஐயா. காதால் கேட்ட பெயரை நான் சொல்லக் கூடாது."

"அப்படியானால் யார் நிரப்புவது?"

"ஏழு நாள் தவணை உண்டு" என்றார் மச்சாது. "தெரிய வேண்டியவர்கள் நேரில் போய்த் தெரிந்துகொள்ளலாம்."

ஹமத் மஹ்நாஸைப் பார்த்தார். "உங்கள் கரைக்கு நான் வரலாமா?"

"முதலில் தீவுக்கு" என்றார் மஹ்நாஸ். "அந்த மருத்துவமனையை நானும் பார்க்க வேண்டும். அங்குள்ள நர்ஸ் யாரையாவது கூட்டிக்கொண்டு போவோம்."

மாலையில் ஒரே படகில் தூதர்களும் அஸ்மாவும் ஜெய்னம்புவும் வடகரையின் துறைக்கு வந்தார்கள். முப்பது ஆண்டுகளில் தென்கரைத் தூதர் ஒருவர் அங்கே கால் வைத்தது அதுவே முதல் முறை. இரு நாட்டுக் கொடிகளோடு படகு வருவதைப் பார்த்து, ரஹீம்தாத் ஆலையிலிருந்து தானாகவே இறங்கி வந்தார். ஓட முயலவில்லை. தூதர்களின் எதிரே நின்று, விலங்கு மாட்ட வசதியாக இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து நீட்டினார்.

ஹமத் அந்தக் கைகளைத் தன் இரு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டார்.

அஸ்மா முன்னால் வந்தார். "உங்கள் பெயர் என்ன, அண்ணா?"

ரஹீம்தாத் குழம்பிப்போய், கூட்டத்தில் ஜெய்னம்புவைத் தேடினார். "அக்கா, என்னக்கா நடக்கு இங்க?"

"பேரைச் சொல்லுங்கோ காக்கா" என்றார் ஜெய்னம்பு. "எழுதுறதுக்கு ரெண்டு தேசம் காத்துக்கிட்டு நிக்குது."