ஆறு பக்கமும் அட்ரஸ்

செல்போன் அலறியது!

முனியசாமி எடுக்கவில்லை. எடுக்க ஆசைதான்... ஆனால் இரண்டு கையிலும் விலங்கு!

அமீரகத்தில் உம்முல் குவைன் காயல். பளீரென்ற காலை வெயில். கரையோரம் ஒரு மர லாஞ்ச். அதன் மேல்தட்டில் மண்டியிட்டிருந்தான் நம்ம ஆள். எதிரே கஸ்டம்ஸ் கேப்டன். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அஸ்கர் அலி... கீழக்கரைக்காரர்.

"யாருப்பா அது, விடாம அடிக்கிறது?"

"சரசு, பாய். நான் கட்டிக்கப் போற பொண்ணு. ஞாயித்துக்கெழம முதுகுளத்தூர்ல கல்யாணம். இன்னிக்குச் சாயங்காலம் மதுரை ஃப்ளைட்டு!"

கேப்டன் அரபியில் உறுமினார். அஸ்கர் அலி உதட்டைப் பிதுக்கினார்.

"அதுக்கென்ன... மாமியார் வீடு இங்கேயே ரெடியாம்!"

முனியசாமி விலங்குக் கையோடு கும்பிட்டான்.

"நான் என்ன பாய் செஞ்சேன்? தேயிலைப் பெட்டி தூக்குனேன். அது ஒரு குத்தமா?"

"தேயிலையா?"

கேப்டன் தார்ப்பாயின் ஓரத்தை லேசாகத் தூக்கினார். உள்ளே இருந்த பெட்டியில் கத்தியால் ஒரு கீறு...

பொலபொலவென்று கொட்டியது சிகரெட்!

"ஆத்தாடி!"

"சோமாலியாவுக்கு ஏத்துமதின்னு சொல்லி, வரி கட்டாம எடுத்த சரக்கு. நடுக்கடல் வரைக்கும் போயிட்டுத் திருட்டுத்தனமாத் திரும்பியிருக்கு. இதுக்கு ஓனர் யாரு தெரியுமா?"

"யாரு பாய்?"

"நீதான்! பேப்பர் பூரா உன் பேரு... உன் கையெழுத்து!"

முனியசாமிக்குப் பொறி தட்டியது. போன வாரம் 'லீவு பேப்பர்' என்று வில்ஃப்ரெட் துரை நீட்டினாரே! லீவு கிடைத்த குஷியில் படிக்காமலே போட்டுத் தள்ளினானே!

வில்ஃப்ரெட் துரை... இங்கிலாந்து வியாபாரி. அவர் ஆபீஸ் சுவரில் சுருள் முடியும் லேஸ் காலருமாக ஒருத்தர் படம் தொங்கும். பதினேழாம் நூற்றாண்டு ஆசாமி. டீ கொண்டு போகிறவனைக்கூட நிறுத்தி வைத்து, ஓட்டை ஹிந்தியில் பெருமையடிப்பார் துரை.

"எங்க வம்சத்துப் பெரியவர்! 'பக்கத்துத் துறைமுகத்துக்குத்தான் போறேன்'னு சொல்லுவார். உள்ளூர்ச் சரக்குக்கு வரி கிடையாது. கடலுக்குள்ள போனதும் கப்பலைத் திருப்பி நேரா ஃபிரான்ஸ்! கடைசி வரைக்கும் மாட்டவே இல்ல!"

அதைக் கேட்டுக் கைதட்டியவன் முனியசாமி! பெரியவர் செய்ததைத் துரை தலைகீழாகச் செய்திருக்கிறார். வெளிநாடு போகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளூர்!

"பாய்! சத்தியமா எல்லாம் துரை சரக்கு. அவரு வில்லாவுக்குத்தான் போகுது!"

"ஆதாரம்?"

"மாஃபி... ஒண்ணும் இல்ல பாய்..."

அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாலையும் கழுத்துமாய் சரசு... பக்கத்தில் காலி இடம்! சட்டைப் பையில் செல்போன் மறுபடி அலறியது.

அப்போதுதான் கேப்டன் அந்தப் பெட்டியை வெளியே இழுத்தார்... புருவம் உயர்ந்தது. சட்டென்று தார்ப்பாயை மொத்தமாக உருவினார்.

அத்தனை பெட்டியிலும் குறுக்கும் நெடுக்குமாய் நீல நைலான் கயிறு. கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்து! அஸ்கர் அலி வாய்விட்டுப் படித்தார்.

"மிஸ்டர் வில்ஃப்ரெட்... வில்லா நம்பர்... மொபைல் நம்பர்... பின் கேட்! எவன்டா எழுதினது?"

"நான்தான் பாய்."

"எல்லாப் பெட்டியிலுமா?"

"ஆறு பக்கமும்! போன லீவுல ஏர்போர்ட்டுல என் பெட்டிய எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். அவன் விட்டுட்டுப் போனதுல வெறும் பால் பவுடர்! அன்னைலேருந்து கயிறு கட்டி, யாருக்குப் போகுதோ அவுக பேரு, அட்ரஸ், போன் நம்பர்! துபாய் குசைஸ்ல எங்க ரூம்லேருந்து ஊருக்குப் போற அத்தனை பெட்டியும் நான்தான் கட்டுவேன்."

"துரை பாக்கலையா?"

"'பெட்டியில ஒண்ணும் எழுதாத'ன்னுட்டுப் போயிட்டாரு. பேரு எழுதாத பெட்டியப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது பாய்!"

கேப்டன் முறைத்தபடி ஏதோ கேட்டார். அஸ்கர் அலி மொழிபெயர்த்தார்.

"நீயே எழுதிட்டு, அவரை மாட்டி விடறியான்னு கேக்குறாரு."

ஆனால் கேப்டன் உதட்டில் குறும்பாய் ஒரு சிரிப்பு! பெட்டியைக் காட்டி ஏதோ சொன்னார். அஸ்கர் அலி தன் போனில் அந்த நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரும் போட்டு, ஹிந்தியில் ஆரம்பித்தார்.

"ஹலோ சாப்! லாரி டிரைவர் பேசறேன். லாஞ்ச் ஆளுங்களை போலீஸ் பிடிச்சிடுச்சு! ஒரு லோடு மட்டும் தப்பிச்சு என் வண்டில இருக்கு. எங்க இறக்கட்டும்?"

துரை குரல் பதறியது.

"பெட்டில... அட்ரஸ் எதுவும் இல்லையே, உனக்கு நம்பர் யார் குடுத்தா?"

"முனியசாமி, சாப்."

"ஓ... நல்ல பையன்! என் வில்லாவுக்குப் பின் கேட்ல இறக்கு. சிகரெட் நனையக் கூடாது. ஜல்தி!"

"முனியசாமி மாட்டிக்கிட்டானே, சாப்?"

"அதுக்குத்தானே அவன்கிட்ட கையெழுத்து வாங்கினேன்! விடு, அவன் உள்ள இருக்கட்டும். அவனுக்கென்ன, மூணு வேளை சோறு!"

முனியசாமி பல்லைக் கடித்தான். அட பாவி மனுஷா! கல்யாணப் பத்திரிகையை முதலில் உனக்குத்தானே வைத்தேன்!

"கலாஸ்!" என்றார் கேப்டன்... முடிந்தது என்று!

விலங்கு கழன்றது!

முதல் வேலையாகப் போனை எடுத்தான்.

"என்னங்க, போன எடுக்கவே மாட்டேங்கிறீக! கெளம்பிட்டீகளா, இல்லையா?"

"வாரேன் சரசு... வந்துக்கிட்டே இருக்கேன்!"

வாக்குமூலம் கொடுத்து முடிப்பதற்குள் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கினார் வில்ஃப்ரெட் துரை... அதே மாதிரி விலங்கோடு! பெட்டிகளைப் பார்த்தார். ஆறு பக்கமும் தன் பெயர். முகம் பேயறைந்தது போலானது.

"முன்னூறு வருஷத்துக்கு மேல! எங்க வம்சத்துல ஒருத்தர்கூட மாட்டினதில்ல! எப்படிடா இது?"

முனியசாமி சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்து, பணிவாக நீட்டினான்.

"பெரியவர் காலத்துல இது கெடையாதுல்ல, துரை!"