நுரை வராத ஷாம்பு

பெப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை.

இன்று நான் ஒரு பிழை விட்டேன். மருந்துக்கடையில் ஷாம்புப் போத்தலை வாசனை பார்த்து எடுத்துவிட்டேன். யாருடைய தலைக்கு என்று யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான், அது எண்ணெய்ப் பிசுக்கு ஏறும் நேர் முடிக்கு உரியது என்று தெரிந்தது. அது என்னுடைய முடி. மாதுரியின் முடி அப்படி இல்லை.

வித்தியா பேனாவை மூடினாள். மாலைநேரத் தமிழ் வகுப்பில் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதியதைத் திரும்ப வாசித்தாள். பிறகு போத்தலையும் இன்னொரு தரம் வாசித்தாள்.

பதினொரு வயது வித்தியா அப்படித்தான். கதவைப் பூட்டினாலும் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு போத்தலை மூக்கால் தெரிவு செய்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வாசனை ஆரபி அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வாசனை.

அக்கா படிப்பதற்காகச் செப்டெம்பரில் ஒட்டாவா போய்விட்டாள். அதுவரைக்கும் பிரெஞ்சு பேசும் பியர்பொன்ட்ஸ் ஊரில், அவர்களுடைய வீட்டில் ஞாயிறு காலை என்றால் குளியலறைதான் கொண்டாட்டம். ஆறு வயதுத் தங்கை மாதுரி தொட்டிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருப்பாள். அக்கா விளிம்பில் அமர்ந்து, அவளுடைய சுருள்முடியில் நுரையால் கொம்பு வைப்பாள். பிறகு கிரீடம் வைப்பாள். வித்தியா அழுக்குத்துணிக் கூடையின் மூடியில் ஏறி இருந்து, "இப்ப ஆடு, இப்ப ராணி" என்று அறிவிப்பாள். ஜன்னலில் ஆவி படிந்துவிடும். வெளியே பனி கொட்டுவது யாருக்கும் தெரியாது.

இப்போது அந்தக் கூடையில் அழுக்குத்துணி மட்டும்தான் இருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் மாதுரியின் தலை மிகவும் வறண்டுபோனது. வீட்டுக்குள் சூடாக்கியின் உலர்ந்த காற்று, வெளியே கம்பளித் தொப்பி. தலையை ஓயாமல் சொறிந்தாள். காலையில் சீப்பு பாதிவழியில் மாட்டிக்கொள்ளும். மாதுரி அழுவாள், பள்ளி பஸ் போய்விடும்.

கடைசியில் அம்மா பொறுமை இழந்தாள்.

"சனிக்கிழமை சலூனில நேரம் எடுத்திட்டன். கழுத்தோட வெட்டிப்போட்டு வருவம். பேந்து வளரும்தானே."

அதைக் கேட்டு மாதுரி அழவில்லை. வித்தியாவின் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்.

"அக்கா லீவில வரேக்க ரெட்டைப்பின்னல் பின்னிவிடுறன் எண்டு சொன்னவா. வெட்டினால் என்னத்தைப் பின்னுறது?"

வித்தியா அம்மாவிடம் போய் சனிக்கிழமை வரைக்கும் தவணை கேட்டாள். அதற்குள் மாதுரி அழாமல் சீப்பு இறங்கினால் பார்க்கலாம் என்று அம்மா சொன்னாள். உடனே வாங்கி வந்த போத்தல்தான் அந்தப் பிழையான போத்தல்.

புதன்கிழமை வித்தியா அவசரப்படவில்லை. தன் முடி ஒன்றையும் மாதுரியின் தலையணையில் கிடந்த முடி ஒன்றையும் வெள்ளைத் தாளில் வைத்தாள். அவளுடையது கோடு கீறியதுபோல நேராகக் கிடந்தது, மினுங்கியது. மாதுரியுடையது சின்னக் கம்பிச்சுருள் மாதிரி வளைந்து, மங்கலாக இருந்தது. இழுத்துவிட்டாலும் பழையபடி சுருண்டுகொண்டது.

ஒரே வீடு, இரண்டு விதமான முடி. ஆனால் குளியலறையில் எல்லோருக்கும் ஒரே பெரிய போத்தல். அப்பாவுக்குத் தலையில் முடியே குறைவு, அவருக்கும் அதுதான்.

அப்பா பக்கத்து ஊரான புவாண்ட்-கிளேரில் வேலை முடிந்து வந்ததும் வித்தியா மறுபடியும் கடைக்குப் போகவேண்டும் என்றாள்.

"நேற்றும் ஷாம்பு, இண்டைக்கும் ஷாம்பு. வீட்டில யானை வளர்க்கிறமோ?" என்றார் அப்பா. ஆனாலும் சப்பாத்தைக் கழற்றாமலே காரை எடுத்தார்.

இந்த முறை வித்தியா ஒரு மூடியையும் திறக்கவில்லை. பிரெஞ்சில் இருந்த சின்ன எழுத்துகளைப் பொறுமையாக வாசித்தாள். நிறைய நுரை தருவதற்காகப் பல ஷாம்புகளில் சல்பேட் சேர்ப்பார்கள் என்று அவள் படித்திருந்தாள். அது அழுக்கை நன்றாகப் போக்கும். ஆனால் வறண்ட தலையில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப்பசையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கடைசியில், 'சல்பேட் இல்லாதது, உலர்ந்த சுருள்முடிக்கு' என்று எழுதிய போத்தலை எடுத்தாள். செவ்வாய்க்கிழமைப் போத்தலைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

வீட்டில் அம்மா ஏற்கெனவே மாதுரியின் தலையில் எண்ணெய் வைத்திருந்தாள். எண்ணெய் வைக்காமல் தலை தோய்வது அந்த வீட்டில் நடக்காத காரியம். அதுவும் உள்ளங்கை நிறைய ஊற்றி, நெற்றியில் வழியும்வரை தேய்ப்பாள்.

வித்தியா புது ஷாம்பு போட்டாள். நுரை வரவில்லை. கழுவிப் பார்த்தபோது முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தத் தலையில அப்பளம் பொரிக்கலாம்," என்றார் எட்டிப் பார்த்த அப்பா.

"நுரையே வராதது எப்பிடி ஊத்தையைப் போக்கும்? பழையதைக் கொண்டு வா," என்றாள் அம்மா.

பழைய ஷாம்பு எண்ணெயை ஒரே தரத்தில் போக்கியது. பிறகு சீப்பு மாட்டியது. மாதுரி விக்கி விக்கி அழுதாள்.

வித்தியா படுக்கையில் அமர்ந்து யோசித்தாள். பிரெஞ்சைப் பிழையாக வாசித்துவிட்டோமோ? இல்லாவிட்டால் அம்மா சொல்வதுதான் சரியோ? போத்தலை எடுத்து இன்னொரு முறை வாசித்தாள். வாசித்ததில் பிழை இருக்கவில்லை. அப்படியானால் செய்து பார்க்கவேண்டியதுதான்.

வியாழக்கிழமை பள்ளியால் வந்ததும் தன் இரண்டு கைகளிலும் தாராளமாக எண்ணெய் பூசினாள். இடது கையைப் பழைய ஷாம்பால் கழுவினாள். எண்ணெய் உடனே போனது. வலது கையைப் புது ஷாம்பால் கழுவினாள். எண்ணெய் பாதி அப்படியே இருந்தது. இரண்டாம் தரம் கழுவியபோதுதான் போனது. பிறகு வலது கையில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் பூசிக் கழுவினாள். அது சுலபமாகவே போய்விட்டது.

போத்தலில் பிழை இல்லை. அந்த மென்மையான ஷாம்பு அவ்வளவு எண்ணெயைத் தாங்காது.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? எண்ணெய் வேண்டாம் என்றால் அம்மாவின் முகம் வாடிவிடும். வித்தியா சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, ரெண்டு கையையும் பிடிச்சுப் பாருங்கோ."

அம்மா பிடித்துப் பார்த்தாள். "இடது கை ஏன் கடதாசி மாதிரிச் சொரசொரக்குது?"

"அது பழைய ஷாம்பு. மாதுரியின்ர தலையும் இப்பிடித்தான் காஞ்சுபோயிருக்கும்."

அம்மா அந்தக் கையை விடாமல் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எண்ணெய் வைக்காமல் தோயவிடமாட்டன்," என்றாள்.

"நீங்கள்தான் வைக்கோணும் அம்மா. ஆனால் ரெண்டு சொட்டு. நுனிக்கு மட்டும்."

அம்மா இரண்டு சொட்டுத்தான் வைத்தாள். மூன்றாவது சொட்டுக்குக் கை போனது. வித்தியா பார்த்ததும் திரும்பி வந்துவிட்டது.

மாதுரி தொட்டிக்குள் இறங்கினாள். வித்தியா ஷாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து விரல் நுனியால் மெல்லத் தேய்த்தாள்.

"கொம்பு வைக்க நுரை காணாதே," என்றாள் மாதுரி.

"ஓம். இதில கொம்பு வராது."

"அக்கா எண்டால் வைப்பா."

"ஓம், அக்கா எண்டால் வைப்பா."

வித்தியா தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பிறகு மாதுரி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அங்க அக்காவுக்கு ஆர் கொம்பு வைக்கிறது?"

வித்தியா இதை யோசித்ததே இல்லை. ஒட்டாவாவில், ஒரு சின்னக் குளியலறையில், அக்காவும் தனியாகத்தான் தலை தோய்வாள். "ஒருத்தரும் இல்லை," என்றாள். "பாவம், அவ வெறுந்தலையோடதான் நிப்பா."

மாதுரிக்குச் சிரிப்பு வந்தது. வித்தியாவுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இரண்டாம் தரமும் கழுவினாள். முடி ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பை எடுத்து, நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே போனாள். சீப்பு ஓரிடத்தில் நின்றது. விரலால் சிக்கைப் பிரித்தாள். மறுபடியும் இறங்கியது.

அம்மா வாசலுக்கு வந்தாள். "ஏன் ஒரு சத்தத்தையும் காணேல்லை?"

அம்மா சீப்பை வாங்கி உச்சியிலிருந்து நுனிவரை ஒரு முறை இழுத்தாள். மாதுரி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அம்மா இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள், வித்தியா கதவை இழுத்துப் பார்ப்பதுபோல.

"சலூன்காரி பிரெஞ்சுதான் கதைப்பா," என்றாள் பிறகு. "நீயே எடுத்துச் சொல்லு."

வித்தியா அறைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தாள்.

பெப்ரவரி 5, வியாழக்கிழமை.

நாளை செய்யவேண்டியது: பள்ளியால் வந்ததும் சலூனுக்குத் தொலைபேசி எடுத்து, சனிக்கிழமை மாதுரி வரமாட்டாள் என்று சொல்லவேண்டும்.