பவளக்கொடியின் முழங்கால்

செவ்வாய்க் கிரகத்தின் ஆறாம் குடியிருப்பில் மாலை நான்கு மணிக்குச் சங்கு ஊதியதும் வீட்டு இயந்திரங்களெல்லாம் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓய்வுக்கூடத்துக்குப் போய்விடும். எட்டு மணி நேரத்துக்கு மேல் அவற்றை வேலை வாங்குவது குற்றம். மூட்டு தேய்ந்தால் பட்டறையில் இலவசமாக மாற்றிக் கொடுப்பார்கள்.

இயந்திரம் வாங்க வக்கில்லாத வீடுகளும் இருந்தன. சங்கிலியின் வீடு அவற்றிலொன்று. செம்புழுதி அடைத்த காற்றுச் சல்லடையைக் கழுவுவது, தண்ணீர் உருளையை மூன்று தளம் ஏற்றுவது, படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவன் மனைவி பவளக்கொடிதான். முப்பத்தெட்டு வயதிலேயே அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மருத்துவமனையில் அவள் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பதிக்கும் தொழிற்சில்லு இல்லை. வேலைக்கே போகாதவருக்கு மூட்டு எப்படித் தேயும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இன்னும் ஆறு மாதம் போனால் கால் மடங்காது என்று மட்டும் சொன்னார்கள்.

சங்கிலி நல்லவன். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து படியேறுவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

"பட்டறையில மெசினுக்குப் போடுறதும் ஆசுபத்திரியில போடுற அதே மூட்டுதான் புள்ள. நான் உன் பேருல எழுதிப் போடுறேன்."

"மனுசியப் போயி மெசினுன்னு எழுதுவீங்களா?"

"மனுசியா மெசினான்னு படிவத்துல கேக்கவே இல்ல."

உண்மைதான், கேட்கவில்லை. 'செய்யும் வேலைகள்' என்ற இடத்தில் ஒவ்வொன்றாக எழுதினான். இடம் போதாமல் இன்னொரு தாள் வாங்கினான். எழுதி முடித்தபோது அவனுக்கே என்னவோ போலிருந்தது.

மூன்றாம் நாளே பரிசோதகர் வந்தது. அதுவும் இயந்திரம்தான்.

"நாளுக்குப் பதினேழு மணி நேர வேலை. பதினாறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட விடுப்பில்லை. இயந்திரவதைத் தடைச் சட்டப்படி உரிமையாளருக்கு ஐந்தாண்டுச் சுரங்கத் தண்டனை."

சங்கிலி கும்பிட்டான். "ஐயா, இது மெசின் இல்லீங்க. என் சம்சாரம்."

பரிசோதகர் பவளக்கொடியைப் பார்த்தது. பிறகு படிவத்தைப் பார்த்தது. "மனைவி என்றால் வழக்கில்லை. ஆனால் ஓர் உயிரால் இவ்வளவு செய்ய முடியாது. இத்தனை வேலையும் செய்யும் இயந்திரத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?"

பரிசோதகரே வழி சொன்னது. "இந்த வேலைகள் இங்கே நடப்பதில்லை என்று மனைவி வாக்குமூலம் கொடுத்தால் விட்டுவிடலாம். விண்ணப்பமும் ரத்தாகும்."

பவளக்கொடி கணவனைப் பார்த்தாள். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். பாவி மனுஷன், சொல்லவில்லை.

"அவரு ஏதோ தெரியாம எழுதிட்டாருங்க" என்றாள். "நான் வீட்ல சும்மாதாங்க இருக்கேன்."

பரிசோதகர் அதைப் பதிந்துகொண்டு போயிற்று.

சங்கிலி அவள் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவளும் அழுதாள். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டவன், சுவரைப் பிடித்து எழ முயன்றவளிடம் மெல்லச் சொன்னான்.

"பசிக்குது புள்ள."