அலமாரிக்குள் எரிந்த பல்பு

குவார்ட்டர்ஸின் படியேறும்போதே அவளுக்குக் குமட்டியது. மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. சுவரெல்லாம் வியர்த்துக்கிடந்தது. படிக்கட்டுக் கைப்பிடியில் கை வைத்தால், யாரோ மூக்கைச் சிந்தி அதிலேயே துடைத்துவிட்டுப் போனதுபோல் பிசுபிசுத்தது. இரண்டாவது மாடிக் கதவைத் திறந்ததும், ஈரத்துணியை மூட்டை கட்டி ஒரு மாதம் மறந்துவிட்ட வாடை முகத்தில் அடித்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றாள்.

சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பினாயில். விருந்துக்குப் போன வீட்டில் தண்ணீர் டம்ளரை மறுபடி கழுவிக் குடிப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? நாமும் அப்படியே கூப்பிடலாம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

கணவருக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருட ஒப்பந்தம். மகளுக்கு ஆறு வயது, குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டிக்குப் பிறந்ததிலிருந்தே வீசிங். கிளம்புமுன் ஊரில் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஈரமும் பூஞ்சையும் இந்தக் குழந்தைக்கு ஆகவே ஆகாது. வீட்ட ஈரமில்லாம வெச்சுக்க முடியும்னா கூட்டிட்டுப் போங்க." வருடத்தில் பத்து மாதம் மழை பெய்கிற நாட்டுக்கு வந்து, ஒரு வீட்டைக் காயவைக்க வேண்டும். பினாயில் அதைத் தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டாள்.

சமையலறைத் தட்டில் ஒரு நோட்டு இருந்தது. முன்பு குடியிருந்த குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைத்தது. அந்தக் குவார்ட்டர்ஸில் சாவியோடு சேர்த்துக் கைமாறுகிற சொத்து அதுதான். தண்ணீர் கேன் எந்தக் கிழமை வரும் என்று சொல்லியிருந்தது. உப்பு ஜாடியில் கொஞ்சம் அரிசி போடவும், இல்லையென்றால் மறுநாள் உப்புத்தண்ணீர்தான். பருப்பு, ரவை, பிஸ்கட் எல்லாம் ஃப்ரிட்ஜுக்குள். பெல்ட்டையும் ஷூவையும் வெயில் கண்ட அன்றைக்கே வெளியே எடுக்கவும். பாஸ்போர்ட்டை ஜிப் கவரில் வைக்கவும், தவறினால் போட்டோவில் உங்களுக்குப் பச்சை மீசை முளைக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரே வரிதான், நான்கு பேர் கையெழுத்தில் நான்கு தடவை எழுதியிருந்தது: படுக்கையறை அலமாரிக்குள் எரியும் பல்பை அணைக்கக் கூடாது.

அது சுவர் அகலத்துக்குப் பெரிய மர அலமாரி. உள்ளே மேல்பலகையில் ஒரு பழைய குண்டு பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் துணி காய்ந்தே இருக்கும், பூசணம் பிடிக்காது. அந்த ஊரில் பல வீட்டில் இப்படித்தான் என்றார் கணவர். ஆனால் ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினாலே அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவள் பினாயில். பகலும் ராத்திரியும் ஒரு பெட்டிக்குள் விளக்கு எரிவதை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் கடையில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஆறு வாங்கி வந்தாள். மேலே உப்புக்கல் மாதிரி இருக்கும், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கீழே தண்ணீராகச் சேர்த்துவைக்கும். ஆறையும் அலமாரிக்குள் வரிசையாக வைத்தாள். நோட்டின் மற்ற எல்லா வரியையும் மதித்தவள், அந்த ஒரு வரியை மட்டும் மீறி பல்பை அணைத்தாள்.

டப்பா நிறைய ஒரு மாதம் ஆகும் என்று அட்டையில் போட்டிருந்தது. மறுநாள் காலை ஆறும் தளும்பிக்கொண்டிருந்தன.

தண்ணீர் தெளிவாக இல்லை. கலங்கிய மஞ்சள். மேலே எண்ணெய்போல ஒரு படலம். பினாயில் குனிந்து முகர்ந்து பார்த்தாள், அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம். அது பூஞ்சை வாடை இல்லை, வேர்வை. நாலு நாள் குளிக்காத ஆம்பளையின் அக்குள் வேர்வை. ஆறு டப்பாவையும் கக்கூஸில் கொட்டிவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டு நாலு தடவை கழுவினாள். அன்றைக்கு மத்தியானம் அவளால் சாப்பிட முடியவில்லை.

அதற்குப் பிறகு சட்டைகள். அவளே துவைத்து, இஸ்திரி போட்டு, மாட்டிவைத்தவை. காலையில் எடுத்தால் கசங்கி, முதுகுப்பக்கம் நனைந்து, காலரில் கருப்பாக அழுக்குக் கோடு.

"ஏங்க, போட்ட சட்டைய மறுபடியும் உள்ள மாட்டுவீங்களா? கல்யாணமாகி ஒம்போது வருஷம் ஆச்சு, இதக்கூட நான் கத்துக்குடுக்கணுமா?"

"நான் எங்க மாட்டினேன்? அது நீ நேத்து இஸ்திரி போட்டது."

"அப்ப இந்தக் காலர் யாரோடது?"

அவர் சட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது என் வேர்வை இல்லம்மா."

அது அவளுக்கும் தெரியும். ஒன்பது வருடமாக அவர் துணியைத் துவைக்கிறவளுக்கு அவர் வாடை தெரியாதா? சண்டை போட்டாவது அது அவருடையதுதான் என்று ஒப்புக்கொள்ள வைத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள்.

அந்த வாரக் கடைசியில் அலமாரியைத் திறந்தபோது ஏழு ஹேங்கரில் ஆறு காலியாக ஆடிக்கொண்டிருந்தன. ஏழாவதில் எல்லாச் சட்டையும் தொங்கியது. ஒன்றுக்குள் ஒன்றாக, கைக்குள் கை நுழைந்து, ஏழுக்கும் பொத்தான் போட்டு. பிரித்தெடுக்கும்போது ஒவ்வொன்றும் தோலுரிகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே போகப்போக ஈரமும் வெதுவெதுப்பும் கூடியது. கடைசிச் சட்டை சூடாகவே இருந்தது.

அன்றைக்கே துணியையெல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து சூட்கேஸில் அடைத்தாள். குட்டியின் யூனிஃபார்ம் ஒன்று மட்டும் அடித்தட்டில் கண்ணில் படாமல் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை காலை அது கிடைத்தது. முதுகுத் தையல் விட்டுப்போயிருந்தது. இரண்டு கையும் இழுபட்டு, பெரியவர் முழங்கை அளவுக்குத் தளர்ந்திருந்தன. அக்குள் ஓரத்தில் ஈரமாக, சுருண்டு, இரண்டு நரைமுடி ஒட்டியிருந்தது.

அவளால் வாஷ்பேசின் வரைக்கும்கூடப் போக முடியவில்லை, அங்கேயே வாந்தி எடுத்தாள்.

அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது குட்டிக்கு இழுக்க ஆரம்பித்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய் வெளியே வந்தது. இன்ஹேலரை மூன்று தடவை அடித்தும் விசில் நிற்கவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிடுமோ என்று பார்த்தபடியே பினாயில் முடிவெடுத்தாள். இந்த அலமாரி இன்றைக்கு இந்த வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளை இருக்காது.

பதினொரு மணிக்கு இரண்டு கூலியாட்கள் வந்தார்கள். அலமாரியைப் பார்த்துச் சிரித்தார்கள், இதென்ன பெரிய கனம் என்று. கூடத்தைக் கடப்பதற்குள் இரண்டு தடவை கீழே வைத்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று சைகையில் கேட்டான் ஒருவன். பினாயில் கதவைத் திறந்து காட்டினாள். காலி. உள்பலகை முழுக்க ஈரம் துளிர்த்து நின்றது, அவ்வளவுதான். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாத குட்டி, சற்றுத் தேவலையாகி, வாசல் நிலையில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலமாரி அவளை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டியது.

தாண்டியதும் அதன் கனம் போய்விட்டது.

முன்னால் பிடித்திருந்தவன் எதிர்பார்க்கவில்லை, தடுமாறிச் சுவரில் மோதினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வெறும் அட்டைப்பெட்டியைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார்கள். பினாயில் அலமாரி இருந்த இடத்தைத் தேய்த்துக் கழுவினாள். பல நாள் கழித்து யாரோ கழுத்தைப் பிடித்திருந்த கையை எடுத்ததுபோல் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா மேலே வந்தாள். ஒன்பது வருடமாக அங்கே இருப்பவள், எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். படுக்கையறையை எட்டிப் பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அலமாரியையா வெளிய போட்டுட்டீங்க?"

"நாத்தம் தாங்கலக்கா. புள்ளைக்கு வேற இழுத்திருச்சு."

"பல்பு?"

"அத வந்த மூணாம் நாளே அணச்சிட்டேன்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். குரல் தாழ்ந்துவிட்டது.

"நாலு குடும்பத்துக்கு முன்னாடி இங்க ஒரு மெக்கானிக் இருந்தாரு. தனி ஆளு. பெரிய உடம்பு, நாளைக்கு மூணு சட்டை மாத்துவாரு, அப்படி வேர்க்கும். லீவு சமயம் காய்ச்சல்ல விழுந்திருக்காரு. இந்த ஊரு காய்ச்சல் இருக்கே, குளிரு எலும்புக்குள்ள ஏறிடும். பதினோரு நாள் கழிச்சுத்தான் கதவ ஒடச்சாங்க. கட்டில்ல இல்ல. அலமாரிக்குள்ள உக்காந்திருந்தாரு, பல்புக்குக் கீழ. இருந்த சட்டை எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கிட்டு. பல்பு ஃபியூஸ் போயிருந்துச்சு."

"ஏன்க்கா இத மொதல்லயே சொல்லல?"

"சொன்னா யாரு குடி வருவாங்க? நோட்டுல எழுதியிருக்கே, போதும்னு இருந்துட்டேன். சூடு இருந்தவரைக்கும் அது யாரையும் ஒண்ணும் பண்ணல. உள்ளயே இருந்துச்சு." அக்கா சுவரில் அலமாரி இருந்த வெளுத்த இடத்தையே பார்த்தாள். "இப்ப அலமாரியும் இல்ல. அப்ப அது எதுக்குள்ள இருக்கு?"

பக்கத்து அறையில் குட்டி படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து வீசிங் நின்றது.

ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். இன்ஹேலர் தொடப்படாமல் கிடந்தது. உள்ளூர் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வைத்துக் கேட்டார். நுரையீரல் நல்ல பலமாக இருக்கிறது, பெரியவர்களுக்கு இருப்பதுபோல் என்றார். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, இந்த ஊரு காத்து அவளுக்கு ஒத்துக்கிச்சு. இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சுக் கேக்கலாமா?" பினாயிலும் சந்தோஷப்படத்தான் பார்த்தாள். அவள் இத்தனை பாடுபட்டதே இந்த மூச்சுக்காகத்தானே?

ஆனால் குட்டியின் கழுத்தில் அழுக்குக் கோடு விழுந்தது. காலையில் தேய்த்துக் குளிப்பாட்டினால் பத்து மணிக்குத் திரும்ப வந்துவிடும். குழந்தை வாடை போய்விட்டது. தலையை முகர்ந்தால் அந்த அலமாரி வேர்வைதான் அடித்தது. பெற்ற பிள்ளையைக் கட்டிப்பிடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள், அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

"இறுக்கமா இருக்கும்மா" என்றாள் குட்டி ஒரு நாள் சாப்பிடும்போது.

பினாயில் ஒரு சைஸ் பெரிதாக கவுன் வாங்கி வந்து மாட்டிவிட்டாள். குட்டி தோளைக் குலுக்கிப் பார்த்தாள்.

"கவுன் இல்லம்மா."

"அப்புறம் எதுடா?"

"உள்ள. இடமே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை. கணவர் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி கட்டிலில் மல்லாந்து தூங்கினாள். பினாயில் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் அவள் வேர்வையைத் துடைத்தாள். நெற்றி, கழுத்து, பிறகு வலது கை. கையைத் தூக்கியபோது தோல் மட்டும் அவள் விரல்களுக்குள் நழுவியது. தோளிலிருந்து மணிக்கட்டுவரை அது தளர்ந்து, மடிப்பு மடிப்பாகப் படுக்கையில் சரிந்து கிடந்தது. உள்ளே குட்டியின் சின்ன எலும்பு ஒரு ஓரமாக, குச்சிபோல் அகப்பட்டது.

கத்த வாயைத் திறந்தாள்.

அப்போது தோள்பட்டை உப்பியது. மெதுவாக, அவசரமில்லாமல், சுருக்கம் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. மேல்கை நிறைந்தது. முழங்கை நிறைந்தது. தினமும் காலையில் பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிடுகிறவள் பினாயில். கை உள்ளே போகும் விதம் அவளுக்கு நன்றாகத் தெரியும். மணிக்கட்டு தாண்டியதும் ஒரு கணம் நின்றது, வழி தேடுவதுபோல. பிறகு கட்டைவிரல் நிறைந்தது, அடுத்தது ஆள்காட்டி விரல், அப்புறம் மற்ற மூன்றும்.

அந்த ஐந்து விரலும் நிதானமாக மடங்கி, பினாயிலின் சேலையைப் பிடித்துத் தன்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டன.