அணையை உடைக்க வந்தவள்

"அதை அப்படியே விட்டுட்டு மேல வாங்க."

எல்ஸ்பெத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் இடுப்புக்கு மேல். தூறல் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நீளக் கொக்கியை அணையில் மாட்டி இழுத்தாள். சேறும் குச்சியுமாக ஒரு பிடி பெயர்ந்து வந்தது. பாழாய்ப்போன பீவர்கள்... பல நூறு வருஷமாக ஸ்காட்லாந்தில் இல்லாத பிராணி. மெனக்கெட்டுக் கொண்டுவந்து ஆற்றில் விட்டார்கள். அவை மரத்தைப் பல்லால் அறுத்து அணை கட்டின. இப்போது அப்பாவின் கீழ்வயல் உருளைக்கிழங்கு முழுக்கத் தண்ணீரில் அழுகிக் கிடக்கிறது.

"உங்களைத்தாங்க. அனுமதி இல்லாம உடைச்சா குத்தம்."

"எங்க வயலை மூழ்கடிக்க அதுங்க யார்கிட்ட அனுமதி வாங்குச்சு?"

கேட்டபடியே திரும்பினாள். கரையில் ஒருவன். கழுத்தில் பைனாகுலர், நெற்றியோடு ஒட்டிய செம்பட்டை முடி. கண்கள் மட்டும் சாம்பல் நிறம்... பெய்வோமா வேண்டாமா என்று யோசிக்கிற வானம் மாதிரி. அதைக் கவனித்துவிட்டதற்காகவே அவளுக்கு ஆத்திரம் கூடியது. கையிலிருந்த சேற்றுக் குச்சியை வீசினாள். அவன் கன்னத்தில் சேறு அப்பியது.

அவன் நிதானமாகத் துடைத்துக்கொண்டான். "குறி நல்லாத்தான் இருக்கு."

"அடுத்தது இன்னும் நல்லா இருக்கும்."

"பேரு ஃபெர்கஸ். பீவர் கண்காணிப்புல இருக்கேன். எத்தனை இருக்கு, குட்டி போட்டிருக்கான்னு ஆத்தோரமா பார்த்துட்டுப் போறது வேலை."

"சம்பளம் வாங்கிட்டு ஆத்தோரம் நடக்கிறீங்க. நாங்க சம்பளம் இல்லாம மூழ்குறோம்."

அவன் அணையை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க உடைச்சா விடியறதுக்குள்ள திரும்பக் கட்டிடும். அணைக்குள்ள குழாய் போட்டா தண்ணி தானா வடியும். நான் போட்டுத் தர்றேன்."

"போடுங்க பார்ப்போம்."

அடுத்த வாரமே குழாய்களோடு வந்தான். உதவக் கூடாது என்றுதான் நின்றாள். ஆனால் ஒற்றை ஆளாக அவன் இழுப்பதைப் பார்க்க அதைவிட எரிச்சலாக இருந்தது. மறுமுனையைத் தூக்கினாள்.

"வலது பக்கம்."

"எனக்கு வலது இடது தெரியும்."

"கோவத்துல மறந்திருக்கும்னு பார்த்தேன்."

வயலில் தண்ணீர் வடிந்தது. அவள் கோபம் வடியவில்லை... அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பிளாஸ்கில் டீயோடு கரைக்குப் போகக் காரணம் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருந்தது. சூரியனுக்குப் போக மனசில்லாத ஒரு கோடை மாலையில் தாய் பீவர் நீந்தி வந்தது. பின்னால் குட்டிகள். ஒன்று தாயின் முதுகில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது. எல்ஸ்பெத் வாய்விட்டுச் சிரித்தாள். ஃபெர்கஸ் குட்டியைப் பார்க்கவில்லை.

"பீவரைப் பார்க்கத்தானே சம்பளம்?"

"வேலை நேரம் முடிஞ்சுடுச்சு," என்றான்.

முகம் சூடேற, விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

அந்தத் தாய் ஒரு காலையில் செத்து மிதந்தது. குண்டடி. ஃபெர்கஸ் பண்ணைக் கேட்டில் வந்து நின்றபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கு இல்ல?"

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கேட்டை இழுத்துச் சாத்தினாள். "எங்களைச் சந்தேகப்படுறியா?"

"கேக்குறேன், எல்ஸ்பெத்."

"உன்கூட குழாய் சுமந்திருக்கேன். உன் பக்கத்துல உக்காந்து அந்தக் குட்டிகளைப் பார்த்திருக்கேன்... போ. இனிமே இந்தக் கேட்டைத் தாண்டாதே."

அவன் போனான். அவள் கதவை அறைந்து உள்ளே வந்தாள். சமையலறை மேசையில் அப்பா ஆர்ச்சி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். அவளைவிட உரக்கக் கத்தியிருக்க வேண்டிய மனுஷன்... கத்தவில்லை.

"அப்பா. இல்லைன்னு சொல்லுங்க."

கரண்டி நின்றது.

"குழாய் போட்டா போன கிழங்கு திரும்பி வருமா, எல்சி? அது வயல்ல வந்து நின்னு என்னையே பார்த்துச்சு... சுட்டுட்டேன்."

"அதுக்குக் குட்டி இருக்குப்பா."

"தெரியாது."

"தெரிஞ்சுக்க நெனைச்சீங்களா? உங்களுக்காக ஒருத்தனைக் கேட்டுல நிக்க வெச்சுக் கிழிச்சு அனுப்பியிருக்கேன். அனுமதி இல்லாம அதைச் சுடுறது குத்தம்ப்பா. கோட்டை மாட்டுங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம்."

"பெத்த அப்பனையா பிடிச்சுக் கொடுக்கப் போறே?"

"பெத்த அப்பாங்கறதாலதான் நானே கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா அவங்க வந்து இழுத்துட்டுப் போவாங்க."

ஸ்டேஷன் வாசலில் அவர் முதுகு திடீரென்று கூனிப்போனதைப் பார்த்தபோது, அவர் தோளைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனாள். துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். வழக்கு வரும் என்றார்கள்.

மறுநாள் காலை மழையோடு ஆற்றுக்குப் போனாள். ஃபெர்கஸ் கரையில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"நீ நெனைச்சது சரி. அதுதான் எனக்குப் பொறுக்கல," என்றாள்.

"கேள்விப்பட்டேன். எல்ஸ்பெத், நான் உன்னை..."

"நான் முடிச்சுக்கறேன். அப்பா மேல கோவம். உன் மேல கோவம். எங்க வயல்ல அணை கட்டின அதுங்க மேல கோவம். இத்தனை கோவத்துக்கு நடுவுல, நீ இந்தப் பக்கமே வராமப் போயிடுவியோன்னு பயம்... அது எதுக்குன்னுதான் விளங்கல."

"வேற ஆத்துக்கு மாத்தல் கேக்கலாம்னு இருந்தேன்."

"கேட்டியா?"

"மனசு வரல."

"பீவருக்காகவா?"

"அப்படின்னு சொன்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"அப்போ உனக்காக." சாம்பல் கண்கள் விலகவில்லை. "சேத்தை வீசினே பாரு, அன்னிக்கே உன்னைப் பிடிச்சுப்போச்சு. சந்தேகப்பட்டு வந்து நின்னதுக்கு மன்னிச்சிடு."

அவள் கன்னத்தில் ஓடியது முழுக்க மழையில்லை. "எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு... கோர்ட்டுல எங்கப்பா நிக்கிற அன்னிக்கு, நான் அவர் பக்கம்தான் உக்காருவேன். அவர் செஞ்சது தப்பு. ஆனாலும் அவரைத் தனியா விடமாட்டேன்."

"உன் பக்கத்துல இன்னொரு இடம் இருக்குமா?"

"அவரு உன்னை முறைப்பாரு."

"முறைக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. அவன் கையை எடுத்து, வலிக்கும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.