கமலாசனி கேட்ட டீசல் கார்

அம்பிட்டிய வீட்டுக் குசினியில் காலையில் தேத்தண்ணிக்கு இரண்டு கேத்தல் கொதிக்கும். ஒன்று கமலாசனியுடையது. மற்றது அவளுடைய கணவரின் தமக்கை பத்மாதேவியுடையது. சோற்றுப் பானை ஒன்றுதான். பத்மாதேவி தானே போட்டுச் சாப்பிட்டுக்கொள்வாள். ஆனால் கமலாசனியின் கையால் ஒரு வாய் தேத்தண்ணி வாங்கிக் குடித்து இருபத்தைந்து வருடமாகிறது.

காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்தில் ஒரு கூட்டம் மேடேறி வந்து பெற்றோல் கேட்டது. கணவர் அம்பிகைபாகன் கந்தோர் அலுவலாகப் போய்ப் பதுளையில் அகப்பட்டிருந்தார். கமலாசனி கார்க் கொட்டிலைத் திறந்துவிட்டாள். உறிஞ்சி எடுக்க றப்பர்க் குழாயையும் தானே கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெற்றோலைக் கொண்டுபோய்த்தான் கீழே சந்தியில் பத்மாதேவியின் கணவர் பொன்னுத்துரையின் புடவைக்கடையை எரித்தார்கள். பொன்னுத்துரை அந்த வருடத்தைத் தாண்டவில்லை. போக வேறு இடமில்லாமல் பத்மாதேவி தம்பி வீட்டுக்கு வந்தாள். தன் கேத்தலையும் கொண்டுவந்தாள்.

ஏன் கொடுத்தாய் என்று அன்று கேட்டதற்கு, பயத்தில் கொடுத்துவிட்டேன் என்றாள் கமலாசனி. அதற்கு மேல் இன்றுவரை ஒரு சொல் இல்லை.

இப்போது அம்பிகைபாகனுக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க வாரம் இரண்டு தரம் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடைசித் தம்பி நவரட்ணராஜா மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தான். அண்ணனுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்றிருந்தான். அன்று காலை அக்குறணைக்குக் கார் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

புதிதாக ஹைபிரிட் கார்கள் வருகின்றன, பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடும், கண்டி நெரிசலில் நிற்கிற நேரமெல்லாம் எஞ்சின் தானாக அணைந்துவிடும், எரிபொருள் பாதிதான் போகும் என்று அவன் விளக்கினான். எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகிற காலம். அம்பிகைபாகன் கட்டிலில் கிடந்தபடி தலையாட்டினார்.

கமலாசனி அடுப்படியிலிருந்து சொன்னாள்:

"டீசல் காரே போதும், தம்பி. பின் கதவு திறக்கிற நீளக் காரா எடுங்கோ."

அவள் எதற்கும் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கிறவள் அல்ல. நவரட்ணராஜா அவளைத் திரும்பிப் பார்த்தான். பத்மாதேவி தன் கேத்தலை இறக்கி வைத்தாள்.

"பெற்றோல் கார் எண்டா, ஆரும் வந்து கேட்டா உறிஞ்சிக் குடுக்க வேணுமெல்லோ. அதுதான் டீசல் கேக்கிறா."

கமலாசனி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று சொல்லவும் வழியில்லை. அது காஸ் அடுப்பு.

பெரியக்கா பார்க்காமல் அந்த வீட்டுக்கு ஒரு கதிரைகூட வாங்குவதில்லை. ஆகவே நவரட்ணராஜாவோடும் கமலாசனியோடும் பத்மாதேவியும் புறப்பட்டாள். மூவரும் வாடகைக் காரில் போனார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆமிக்காரர் மறித்து, இறங்கச் சொல்லி, அடையாள அட்டை பார்த்தார்கள். ஒருவன் டிக்கியைத் திறந்தான். நவரட்ணராஜா முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்தான்.

கார் விற்கிற நளீம் ஹாஜியார் ஹைபிரிட்டை ஸ்டார்ட் பண்ணினார். சத்தமே இல்லை.

"வேலை செய்யேல்லையோ?" என்றாள் பத்மாதேவி.

"ஓடத் தயாராத்தான் ஈக்கி, லாத்தா. இது பேசாத புள்ள" என்று சிரித்தார் ஹாஜியார்.

மேடேறும்போது ஹைபிரிட்டில் எரிபொருள் அவ்வளவு மிச்சப்படாது, அம்பிட்டிய ஏற்றத்துக்கு டீசலின் இழுவை நல்லது, பட்டணத்துக்குள் ஹைபிரிட்டை மிஞ்ச ஒன்றுமில்லை என்று இரண்டு பக்கமும் நியாயமாகவே சொன்னார். நவரட்ணராஜாவுக்கு ஹைபிரிட் பிடித்துவிட்டது. பத்மாதேவிக்கும் அதன் வெள்ளை நிறம் பிடித்தது.

கமலாசனி எஞ்சினையும் பார்க்கவில்லை, நிறத்தையும் பார்க்கவில்லை. பின்னால் போய் டிக்கியைத் திறக்கச் சொன்னாள். குனிந்து, கையை உள்ளே விட்டு, பின் சீற்றின் முதுகைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"அது மடியாது, லாத்தா. அதுக்குப் பின்னாலதான் பற்றரி."

"உள்ளுக்குள்ள இருந்து இந்த மூடியைத் திறக்கேலுமோ?"

ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்தது. "உள்ளுக்கு யார் ஈக்கப் போற?"

பத்மாதேவியும் சிரிக்கத்தான் போனாள். அப்போது தம்பியின் முகம் கண்ணில் பட்டது. ஐம்பதை நெருங்கும் மனிதன், வெயிலில் நின்றுகொண்டு வெளிறிப்போயிருந்தான். ஒரு கை பக்கத்துக் காரைப் பிடித்திருந்தது.

ஹாஜியார் எதையோ உணர்ந்து, தேத்தண்ணி சொல்லிவிட்டு வருவதாக உள்ளே போனார்.

"தம்பி, கலவரத்தண்டைக்கு நீ எங்க இருந்தனி?" என்று கேட்டாள் பத்மாதேவி.

பேராதனை ஹொஸ்டலில் மற்ற மாணவர்களோடு இருந்தான் என்றுதான் இத்தனை காலமும் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

"டிக்கிக்குள்ள, அக்கா."

மிச்சத்தையும் அவன் சொன்னான். ஹொஸ்டலுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் காட்டு வழியாக வீட்டுக்கு ஓடிவந்ததையும், கூட்டம் மேடேறவும் அண்ணி அவனை டிக்கியில் போட்டுப் பூட்டிச் சாவியைப் புல்லுக்குள் எறிந்ததையும் சொன்னான். காரை உருட்டிக்கொண்டு போய் எரிப்போம் என்றார்கள். அண்ணி குழாயோடு ஓடிவந்து, பெற்றோலை எடுங்கள், காரை விடுங்கள் என்று கும்பிட்டாள். அவன் தலைக்குப் பக்கத்தில் பெற்றோல் இறங்கிய சத்தம் அவனுக்குக் கேட்டது. அவர்கள் போன பிறகு அண்ணி புல்லுக்குள் சாவியைத் தேடினாள். அது கிடைத்து டிக்கியைத் திறந்தபோது அவன் நினைவிழந்து கிடந்தான்.

பத்மாதேவி கமலாசனியிடம் திரும்பினாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா அந்தக் கோவம் தம்பியில போயிருக்கும், மச்சாள். நீங்கள் தூக்கி வளத்த பிள்ளை... புருஷனும் இல்லை, இவனும் இல்லையெண்டா நீங்கள் என்ன செய்வியள்?"

"அதுக்கு இருபத்தஞ்சு வருஷமோ?"

"அவன் எத்தினையோ தரம் சொல்லப் போனவன். நான்தான் சத்தியம் வாங்கி வச்சிருந்தனான்."

பத்மாதேவி அந்த வெள்ளைக் காரின் டிக்கி மூடியைத் தன் கையால் சாத்தினாள்.

"டீசலையே எடு, தம்பி" என்றாள். "அவ கேட்ட நீளக் காரையே எடு."

தேத்தண்ணி வந்தது. ஒருவரும் குடிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் பின் சீற்றில் பத்மாதேவியின் கை கமலாசனியின் கையைப் பிடித்திருந்தது. பாலத்தடியில் இறங்கச் சொன்னபோதும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கமலாசனி குசினிக்குப் போய்க் கேத்தலை வைத்தாள். பத்மாதேவியும் பின்னால் வந்தாள். தன் கேத்தலைத் தொடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கமலா, எனக்கும் ஊத்தும்."

எவ்வளவு சீனி என்று கமலாசனி கேட்கவில்லை. இத்தனை வருடமும் பக்கத்து அடுப்பில் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.