அடித்தண்ணீரின் மூச்சு

காலைச் சாப்பாட்டின்போது கணவர் ஏரியை ‘அவ’ என்றார்.

“அவளுக்கு மூச்சு முட்டுது.” சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கை கழுவப் போய்விட்டார். ஏரித் தண்ணீரை அளந்து எழுதுவது அவர் உத்தியோகம். இருபது வருஷமாக அவருக்கு ஏரி ‘அது’தான். தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவிக்கு ஊசிக்கண் இரண்டு தரம் தப்பியது.

ஏரியின் கதை அவளுக்கும் தெரியும். குளிர்காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும். அதோடு காற்றும் அடிவரைக்கும் போகும். மூன்று வருஷமாகக் குளிரே வரவில்லை. வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் கலந்து, மேலே பச்சைப்பாசி மூடிக்கொண்டது. அடியில் மீன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதையெல்லாம் ஒருகாலத்தில் அவளிடம்தான் கதைகதையாகச் சொல்வார். இப்போது வீட்டுக்கு வந்தால் வாயே திறப்பதில்லை. சட்டையில் அழுகிய முட்டை வாடை. உதட்டோரம் பச்சையாக ஏதோ ஒட்டியிருக்கும். எவளோ ஒருத்தி என்று அவளுக்கு வயிறு எரிந்தது. யாராக இருந்தாலும் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

மத்தியானம் அவர் ஏரிக்குக் கிளம்பியதும், தையல்கடையைச் சாத்திவிட்டு அவர் பின்னாலேயே போனாள்.

ஏரிக்கரையில் காற்றில்லை, ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. வெயிலில் முறுக்கிக்கொண்ட படகுத்துறைப் பலகைகள்தான் அவள் காலடியில் ஒவ்வொன்றாக முனகின. கடைசிப் பலகையில் அவர் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. நெற்றியில் விழுந்த கூந்தலை ஒதுக்கிவிடுகிற பதத்தில் பாசியை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீரில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அந்தப் பதமான கையை அவள் கண்டு வருஷக்கணக்காகிறது. பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.

“என்னங்க.”

நிமிரவில்லை. பக்கத்தில் அளவுக்கருவி, அதன் கம்பி ஏரியின் அடிவரை இறங்கியிருந்தது. பேச்சு நிற்பதற்குமுன் பூஜ்யம், பூஜ்யம் என்று அவர் புலம்பிய அந்த அடித்தண்ணீர்க் காற்றின் அளவு, ஒன்று ஆனது. ஒன்றரை. இரண்டு.

அவர் முதுகில் கை வைத்தாள். சில்லிட்டிருந்தது. மூச்சில் அது ஏறவில்லை. இறங்கவில்லை.

“எழுந்திருங்க. வீட்டுக்குப் போகலாம்.”

மெல்லத் திரும்பினார். கல்யாணமான புதிதில் அவள் பார்த்த அதே சிரிப்பு. அவளுக்கானது இல்லை. உதடு அசைந்தது, முகத்துக்கு நேரே குனிந்திருந்தும் அவள்மேல் ஒரு பொட்டு மூச்சு படவில்லை.

“என்கிட்ட இருந்தது தீர்ந்துபோச்சு. நீயும் கொஞ்சம் கொடேன். பாவம், அவ.”

அவள் பிடரியில் அவர் கை விழுந்தது. கீழே பாசி தானாகவே விலகி வழிவிட்டது.

இலைகூட அசையாத அந்த மத்தியானத்தில், கரையிலிருந்து கரைவரை, ஏரியின் பச்சைத் தோல் மெல்ல மேலெழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.